வெள்ளிக்கிழமைத் தட்டுகள்: அத்தையின் கணினிக்கு நான் செய்து கொடுத்த காப்பு நகல் ஏற்பாடு

பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கும் என் அத்தை வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். அவருடைய தொழிலின் உயிர்நாடி ஒரே ஓர் எக்செல் கோப்பு. நானூறுக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்களின் மார்பளவு, தோளளவு, கைநீளம், கழுத்தின் இறக்கம் எல்லாம் அங்குல கணக்கில் அதில் இருக்கின்றன. அதனுடன் தைத்து முடித்த ரவிக்கைகளின் படங்களும், காலமான மாமாவின் பழைய படங்களை ஸ்கேன் செய்து வைத்த கோப்புறையும் சேர்ந்தால் அப்போது மொத்தம் 3 ஜிபிக்குள் அடங்கின. 2014ஆம் ஆண்டு தைப்பூசத்திற்கு அவர் வீட்டில் தங்கியிருந்தபோது, இவற்றுக்கெல்லாம் வேறு எங்காவது நகல் உண்டா என்று கேட்டேன். "கணினியிலதான் இருக்கே, தம்பி" என்றார். அன்றைக்கு அமைத்துக் கொடுத்த ஏற்பாட்டைச் சில மாற்றங்களுடன் அவர் இன்றுவரை தாமாகவே செய்து வருகிறார். மீண்டும் மீண்டும் எழுதக்கூடிய டிவிடி தட்டுகளை நம்பி இத்தனை ஆண்டுகள் ஓட்டியவர்கள் அதிகம் இல்லை என்பதால் அந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

முதலில் பென் டிரைவ்தான் கொடுத்தேன். துணிக்குவியலில் அது இரண்டு முறை தொலைந்தது. வெளி வன்தட்டை வாங்கிக் கொடுத்தால் அதைக் கணினியிலேயே செருகி விட்டுவிடுவார், இடி இறங்கினால் இரண்டும் ஒன்றாகப் போகும் என்று தயங்கினேன். இணையச் சேமிப்புக்குக் கடவுச்சொல் வேண்டும், அத்தையின் கடவுச்சொற்களோ நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதப்பட்டு ஆண்டு முடிந்ததும் பழைய நாட்காட்டியுடன் போய்விடும். தட்டு என்றால் கையில் பிடிக்கலாம், பெட்டியில் வைக்கலாம், எண்ணிப் பார்க்கலாம். பினாங்கின் கொம்தார் வணிக வளாகத்தில், மீண்டும் எழுதக்கூடிய வகையான டிவிடி பிளஸ் ஆர்டபிள்யூ (DVD+RW) தட்டுகள் மூன்றை வாங்கினேன்.

ஒரு முறை மட்டும் எழுதும் தட்டில் கரிமச் சாயப் படலம் இருக்கும். லேசர் அதில் செய்யும் மாற்றம் நிலையானது. மீண்டும் எழுதும் தட்டில் இருப்பது உலோகக் கலவை. லேசர் ஓரிடத்தை உருக்கி அது சட்டென்று குளிர்ந்தால் ஒளியைக் குறைவாகத் திருப்பும் ஒழுங்கற்ற நிலைக்குப் போகும். மிதமாகச் சூடேற்றினால் பழையபடி படிக நிலைக்குத் திரும்பும். ஏறத்தாழ ஆயிரம் முறை எழுதி அழிக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. வாரம் ஒன்றாக மூன்று தட்டுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் ஒரு தட்டு ஆண்டுக்குப் பதினேழு பதினெட்டு முறைதான் எழுதப்படும் என்பதால், அந்த எல்லையை அத்தை தொடப்போவதில்லை. தட்டின் மேல் 4.7 ஜிபி என்று அச்சிட்டிருந்தாலும் கணினி காட்டுவது சுமார் 4.4தான். இது ஏமாற்று வேலை அன்று, ஆயிரத்தால் வகுப்பதற்கும் 1024ஆல் வகுப்பதற்கும் உள்ள வேறுபாடு.

விண்டோஸ் 7இல் வெற்றுத் தட்டைப் போட்டவுடன், யூஎஸ்பி டிரைவைப் போலப் பயன்படுத்துவதா, டிவிடி இயக்கியில் ஓடும் தட்டாக எழுதுவதா என்று ஒரு கேள்வி வரும். முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் தட்டு யூடிஎஃப் (UDF) என்னும் கோப்பு அமைப்பு முறையில் வடிவமைக்கப்பட்டு, கோப்பை இழுத்துப் போடுவதும் அழிப்பதும் சாதாரண டிரைவில் செய்வதைப் போலவே நடக்கும். எழுதும் மென்பொருள் எதையும் அவர் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றியபின் அத்தை கத்தரிக்கோலைத் தொடுவதில்லை. அந்த நேரத்தையே இதற்கு ஒதுக்கினோம். சிவப்பு, பச்சை, நீலம் என்று தட்டின் மேற்பக்கத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன். முடிந்ததும், "இன்னைக்குப் பச்சை போட்டாச்சு" என்று ஒரு குறுஞ்செய்தி வரும்.

குறுஞ்செய்தி தவறாமல் வந்ததால் ஏறக்குறைய ஓராண்டு நான் எதையும் சரிபார்க்கவில்லை. 2015ஆம் ஆண்டு மார்ச்சில் நீலத் தட்டை என் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தபோது அதில் இருந்தது ஒரே ஒரு சிறிய கோப்பு, அளவு 2 கேபிகூட இல்லை. எக்செல் கோப்பு இருக்கும் இடத்தைச் சுட்ட மட்டும் முகப்புத் திரையில் நானே வைத்துக் கொடுத்திருந்த குறுவழிப் (ஷார்ட்கட்) படவுருவைத்தான் அத்தை வாரந்தோறும் சிரத்தையாக இழுத்துப் போட்டிருக்கிறார். மற்ற இரண்டு தட்டுகளிலும் அதே கதைதான். வீட்டைக் காப்பாற்றுகிறோம் என்று வாசல் பலகையை எடுத்துப் பெட்டகத்தில் பூட்டி வைத்ததைப் போல. தவறு முழுக்க என்னுடையது. அதற்குப்பின் குறுவழியை நீக்கிவிட்டு, மாறிய கோப்புகளை மட்டும் தட்டுக்கு நகலெடுக்கும் ஒரு சின்னக் கட்டளைக் கோப்பை எழுதி, 'வெள்ளி' என்று பெயரிட்டு முகப்பில் வைத்தேன். படவுருவுக்குத் தமிழ்ப் பெயர் சரியாக வந்தது. கட்டளைக் கோப்பின் உள்ளே எழுதிய தமிழ்க் கோப்புறைப் பெயர்களோ கேள்விக்குறிகளாக மாறின. ஆகவே கோப்புறைகளுக்கு மட்டும் ஆங்கிலப் பெயர் வைக்க நேர்ந்தது.

மூன்று தட்டுகள் எதற்கு, ஒன்று போதாதா என்று கேட்பவர்களுக்கு 2016 தீபாவளிக்கு முன் நடந்ததைத்தான் சொல்வேன். பெயர்களை அகரவரிசையில் அடுக்க எண்ணிய அத்தை, எக்செலில் பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்கிவிட்டார். பக்கத்துப் பத்திகளையும் சேர்த்துக்கொள்ளவா என்று மென்பொருள் கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். பெயர்கள் நகர்ந்தன, அளவுகள் இருந்த இடத்திலேயே நின்றன. ஒருவரின் மார்பளவு இன்னொருவருக்குப் போய்ச் சேர்ந்தது. கோப்பைச் சேமித்து, அந்த வெள்ளி சிவப்பிலும் அடுத்த வெள்ளி பச்சையிலும் நகலும் எடுத்துவிட்டார். அதன்பின்தான், 34 அங்குலக்காரர் ஒருவருக்கு 40 அங்குலத்தில் பட்டு ரவிக்கை வெட்டப்பட்டிருப்பது தெரியவந்தது. தொலைபேசியில் அத்தையின் குரல் நடுங்கியது. நீலத்தை இந்த வாரம் போட்டுவிட்டீர்களா என்று கேட்டேன். இன்னும் இல்லை, நாளைக்குத்தான் வெள்ளி. நீலத் தட்டில் ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு முந்தைய கோப்பு பழுதில்லாமல் இருந்தது. இடைப்பட்ட நாளில் சேர்ந்த ஒன்பது வாடிக்கையாளர்களின் அளவுகளை மட்டும் துண்டுச்சீட்டுகளைப் பார்த்து மீண்டும் ஏற்றினோம். கணினி பழுதாவதைவிட, நாமே கோப்பைக் கெடுத்துவிட்டுக் கெட்டதையே நகலெடுப்பதுதான் அடிக்கடி நடப்பது. ஒரே தட்டு இருந்திருந்தால் நல்ல கோப்பின் மேல் கெட்ட கோப்பு எப்போதோ ஏறியிருக்கும். அந்தப் பட்டு ரவிக்கைக்கு அத்தை சொந்தப் பணத்தில் வேறு துணி வாங்கிக் கொடுத்தார் என்பது தனிக்கதை.

தையற்காரர் வீட்டில் தட்டுக்கு வரும் ஆபத்துகள் வேறு வகையானவை. மார்க்கர் கோடு மங்கியபோது அத்தை தட்டின் மேல் ஒட்டுப்பொட்டை ஒட்டிவிட்டார். நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றும் தட்டில் ஒட்டிய பொட்டு எங்கே நிற்கும்? டிரைவுக்குள் கழன்று விழுந்து, அதை எடுக்க நான் முகப்பைத் திறக்க வேண்டியதாயிற்று. பிறகு தட்டுகளுக்கு அந்தந்த நிறத்திலேயே உறை தைத்தார். பார்க்க அழகாக இருந்தது, ஆனால் சிவப்பு உறையின் ஓரத்தில் வைத்த ஜரிகை தட்டின் அடிப்பக்கத்தில் மெல்லிய வளைகோடு கிழித்துவிட்டது. மையத்திலிருந்து விளிம்பை நோக்கிப் போகும் கீறலை டிரைவின் பிழைதிருத்தம் பெரும்பாலும் சமாளித்துவிடும். தடத்தோடு சேர்ந்தே வளையும் கீறல்தான் தொடர்ச்சியாகத் தரவுகளை அழித்துவிடும். சிவப்பை மாற்ற வேண்டியிருந்தது. இப்போது தட்டு பிளாஸ்டிக் பெட்டிக்குள்ளும், பெட்டி துணி உறைக்குள்ளும் இருக்கின்றன. நூல் தூசும் சுண்ணக்கட்டித் தூளும் டிரைவின் வில்லையில் படிந்து சில மாதங்களுக்கு ஒருமுறை தட்டைப் படிக்க மறுப்பதும் உண்டு. டிரைவைத் தையல் மேசையிலிருந்து தள்ளி வைத்தபின் இது குறைந்தது.

2017 நவம்பர் 4ஆம் தேதி சனிக்கிழமை பினாங்கில் பெய்த மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அத்தை வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்தது. தரையில் இருந்த மேசைக்கணினிப் பெட்டி மூழ்கியது. தட்டுகள் இரும்பு அலமாரியின் மேல் அடுக்கில் இருந்தன. முந்தைய நாள் வெள்ளி என்பதால் பச்சையில் எல்லாம் ஏறியிருந்தது. புதிதாக வாங்கிய மடிக்கணினியில் தட்டு போடும் இடமே இல்லாததால் யூஎஸ்பியில் செருகும் வெளி டிரைவ் ஒன்றும் வாங்கி, ஒரு மாலைப் பொழுதில் எல்லாவற்றையும் மீட்டோம்.

குறைகளும் உண்டு. வேகம் மிகக் குறைவு. புதிய படங்கள் நிறையச் சேர்ந்த வாரங்களில் அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். தட்டை வெளியே எடுக்கும் கட்டளையைக் கொடுத்தபின்னும் அது உடனே வராது, உள்ளடக்கப் பட்டியலை எழுதி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். 2019இல் ஒருமுறை எழுதிக்கொண்டிருக்கும்போதே இடியால் மின்சாரம் டிரிப் ஆகி, வெளி டிரைவ் அணைந்து, நீலத் தட்டின் பட்டியல் சிதைந்து எதுவும் திறக்கவில்லை. முழுமையாக அழித்து மறுபடி வடிவமைத்தபின் அதே தட்டு இன்றும் ஓடுகிறது. மீண்டும் எழுதத்தக்க தட்டின் நன்மை இது. ஆனால் அந்த வாரம் காப்பு இரண்டாகக் குறைந்தது. மீண்டும் எழுதும் தட்டு ஒளியைக் குறைவாகத் திருப்புவதால் உறவினர் வீட்டுப் பழைய டிவிடி இயக்கி ஒன்றில் மாமாவின் படங்கள் ஓடவே இல்லை.

கொள்ளளவும் இப்போது பற்றவில்லை. கைப்பேசியில் எடுக்கும் படங்கள் பெருகியதால் 2021 முதல் ரவிக்கைப் படங்கள் தாமாகவே இணையத்தில் ஏறும்படி அமைத்துவிட்டேன். எக்செல் கோப்பும் மாமாவின் படங்களும் மட்டும் தட்டில் தொடர்கின்றன. இதையே புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இந்த வழியைப் பரிந்துரைக்க மாட்டேன். கடைகளில் தட்டு கிடைப்பதே அரிதாகிவிட்டது. சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியில் டிவிடிக்கு அடுத்த தலைமுறையான புளூரே வகையில் எழுதத்தக்க தட்டுகளின் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஏற்கெனவே இந்தப் பழக்கத்தில் இருக்கும் பெரியவர்களை மட்டும் அதிலிருந்து அவசரமாகப் பிரிக்காதீர்கள்.

சென்ற ஆண்டு கிடைத்த பத்துத் தட்டுப் பெட்டி ஒன்றையும் உபரியாக இன்னொரு வெளி டிரைவையும் வாங்கி வைத்திருக்கிறேன். அத்தை அந்த டிரைவுக்கும் ஓர் உறை தைத்துவிட்டார். ஜரிகை வைக்கவில்லை.