லிப்ரே, டெக்ஸ்காம், கார்டியன்: எந்த சென்சாரின் எண்ணை எப்போது நம்பலாம்?

கையில் ஒட்டிக்கொள்ளும் சுகர் சென்சார் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது ‘எது துல்லியமானது?’ என்றுதான். கம்பெனிகளும் அதற்கு ஒரு எண்ணைத் தயாராக வைத்திருக்கின்றன. மார்ட் என்று அதற்குப் பெயர். சென்சார் காட்டுவதும் லேப் கருவி காட்டுவதும் சராசரியாக எத்தனை சதவீதம் விலகுகின்றன என்பதுதான் கணக்கு. குறைந்தால் நல்லது. அபாட்டின் முதல் லிப்ரேக்கு 11.4, லிப்ரே 3-க்கு 7.9. டெக்ஸ்காம் ஜி6-க்கு 9.0, ஜி7-ஐக் கையில் ஒட்டினால் 8.2.

அப்படியானால் லிப்ரே 3-ஐ வாங்கிவிட வேண்டியதுதானே? பொறுங்கள். இந்த எண்கள் ஒவ்வொன்றும் அந்தந்தக் கம்பெனி தன் சொந்த ஆய்வில் எடுத்தவை. ஆட்கள் வேறு, சுகரை ஏற்றி இறக்கிப் பார்த்த விதமும் வேறு. ஜெர்மனியின் உல்ம் நகரில் லிப்ரே 3, ஜி7, மெட்ரானிக்கின் சிம்ப்ளெரா மூன்றையும் ஒரே ஆட்களுக்கு ஒரே சமயத்தில் ஒட்டிப் பார்த்தார்கள். லேப் கருவியோடு ஒப்பிட்டபோது மூன்றுமே ஏறத்தாழ 12-ல் வந்து நின்றன. விளம்பரத்தில் இருந்த தசமப் புள்ளிச் சண்டைக்கு அங்கே வேலையே இல்லை.

அதனால் மார்டை ஓரமாக வைத்துவிட்டு வேறு இரண்டு விஷயங்களைப் பார்த்து வாங்குவதே புத்திசாலித்தனம் என்பேன். சென்சார் தப்பாகக் காட்டும்போது எந்தப் பக்கம் தப்புகிறது? அந்தத் தப்பைத் திருத்த உங்களுக்கு வழி இருக்கிறதா?

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்வோம், மூன்று கம்பெனிகளும் பிரிவது இங்கேதான். லிப்ரேயைத் தொழிற்சாலையிலேயே சரிபார்த்து அனுப்புகிறார்கள். ஒட்டி, ஒரு மணி நேரம் காத்திருந்தால் எண் வரும். 14 நாளும் விரலில் குத்த வேண்டியதில்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் உங்களுக்கு வந்த சென்சார் எப்போதும் 25 புள்ளி குறைத்தே காட்டும் ரகமாக இருந்தால், கம்பெனி ஆப்பில் அதைத் திருத்த இடமில்லை. மனதுக்குள் 25-ஐக் கூட்டிக்கொண்டே இரண்டு வாரம் ஓட்ட வேண்டியதுதான். எக்ஸ்டிரிப் போன்ற வெளி ஆப்களில் திருத்தலாம், ஆனால் அது கம்பெனி பொறுப்பேற்காத வழி.

டெக்ஸ்காமும் தொழிற்சாலையிலேயே சரிபார்த்துத்தான் வருகிறது. இருந்தாலும் விரும்பினால் குளுக்கோமீட்டர் எண்ணைக் கொடுத்துக் காலிபரேட் செய்யலாம். மெட்ரானிக்கின் பழைய கார்டியன் 3-ல் அது விருப்பம் அல்ல, கட்டாயம். 12 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது குத்தி எண் கொடுக்காவிட்டால் அது காட்டுவதையே நிறுத்திவிடும். அடுத்து வந்த கார்டியன் 4-ல் அந்தக் கட்டாயம் போய்விட்டது.

காலிபரேஷன் வசதி இருந்தாலே துல்லியம் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். சாப்பிட்ட அரை மணியில், திரையில் சுகரின் போக்கைக் காட்டும் அம்பு மேலே பாய்ந்துகொண்டிருக்கும்போது குத்தி எண் கொடுப்பவர்கள் நல்ல சென்சாரையும் கெடுத்துவிடுகிறார்கள். காரணம் எளிது. சென்சார் ரத்தத்தை அளப்பதே இல்லை. தோலுக்கடியில் செல்களைச் சுற்றியுள்ள நீரில் இருக்கும் குளுக்கோஸைத்தான் அளக்கிறது. ரத்தத்தில் ஏறுவது அந்த நீருக்கு வந்து சேர ஐந்து முதல் பத்து நிமிடம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். பொங்கலும் வடையும் உள்ளே போன பிறகு சுகர் நிமிடத்துக்கு மூன்று புள்ளி ஏறுகிறது என்றால், பத்து நிமிடத்தில் 30 புள்ளி வித்தியாசம். இரண்டு கருவியும் சரிதான், அளக்கும் இடம்தான் வேறு. ஆகவே ஒப்பிட்டுப் பார்ப்பதும் காலிபரேட் செய்வதும் அம்பு படுத்திருக்கும் நேரத்தில் மட்டும். காலையில் காபிக்கு முன்னால் என்றால் ரொம்ப நல்லது.

இதே தாமதம் லோ சுகரில் எதிர்ப்பக்கம் வேலை செய்யும். 58 என்று அலாரம் அடிக்கிறது, குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கிறீர்கள். கால் மணி கழித்தும் சென்சார் 60 என்றே காட்டும். பயந்துபோய் இன்னொரு டம்ளர் குடித்தால் ஒரு மணி நேரத்தில் 250. அந்தக் கால் மணியில் சென்சாரைப் பார்க்காதீர்கள், விரலில் குத்துங்கள். மீள்வது ரத்தத்தில்தான் முதலில் தெரியும்.

சரி, எந்தப் பக்கம் தப்புகிறது என்ற கேள்விக்கு வருவோம். சுகர் நிஜத்தில் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டினால் தேவையில்லாமல் இனிப்பு சாப்பிடுவீர்கள், எரிச்சல்தான். கூடுதலாகக் காட்டினால் அதை நம்பி இன்சுலின் போடுவீர்கள். அதுதான் ஆபத்து. மாத்திரைகளால் வரும் குழப்பம் பெரும்பாலும் இந்த ஆபத்தான பக்கத்தில்தான் விழுகிறது.

காய்ச்சல் என்று பாரசிட்டமால் போடுகிறோம். கார்டியனில் அது எண்ணை மேலே தள்ளிவிடும். டெக்ஸ்காமின் பழைய ஜி4, ஜி5 மாடல்களிலும் இதே தொல்லை இருந்தது. ஜி6 வந்தபோது ஆறு மணி நேரத்துக்கு ஒரு கிராம் வரை பரவாயில்லை என்ற அளவுக்குச் சரி செய்துவிட்டார்கள். லிப்ரேக்குப் பாரசிட்டமால் பிரச்சினை இல்லை, விட்டமின் சி-தான் அதற்கு ஆகாது. லிப்ரே 2-க்கும் 3-க்கும் உள்ள எச்சரிக்கை, ஒரு நாளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போனால் எண் பொய்யாக உயரலாம் என்பது. சளி பிடித்தால் நாம் சப்பிச் சாப்பிடும் விட்டமின் சி மாத்திரை பெரும்பாலும் ஒன்றே 500 மில்லிகிராம். இரண்டு போட்டால் வரம்பு தாண்டிவிட்டது. நெல்லிக்காய் ஒன்றிரண்டு சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம், இது மாத்திரைக்காரர்களுக்குச் சொன்னது. ஹைட்ராக்சியூரியா எடுப்பவர்களுக்கு மட்டும் டெக்ஸ்காம் சரிப்படாது, அந்த மருந்து அதன் எண்ணை உயர்த்திக் காட்டும்.

கீழ்ப்பக்கப் பிழைக்கு வருவோம். நள்ளிரவில் திடீரென்று 54 என்று அலறும், எழுந்து குத்தினால் 110 இருக்கும். சென்சார் ஒட்டிய கையின் மேல் படுத்திருப்பீர்கள். அழுத்தத்தால் அங்கே நீரோட்டம் குறைந்து எண் விழுகிறது, புரண்டு படுத்தால் ஏறிவிடும். லிப்ரேயும் ஜி7-ம் பெரியவர்களுக்கு மேல்கையின் பின்புறத்துக்கு என்றே வருபவை, ஆகவே இதில் இரண்டும் ஒன்றுதான். ஒருக்களித்துத் தூங்குபவர்கள் தாங்கள் படுக்காத பக்கக் கையில் ஒட்டிக்கொள்ளலாம். ஜி6-ஐ வயிற்றில் ஒட்டலாம் என்பதால் அந்தப் பழைய மாடலை விட மறுப்பவர்கள் உண்டு. நியாயமான பிடிவாதம்.

எந்த சென்சாரானாலும் முதல் நாள் சுமார்தான். ஊசி இறங்கிய இடத்தில் உடம்பு சமாதானமாக நேரம் வேண்டும். இங்கே லிப்ரேக்கு ஒரு வசதி இருக்கிறது. ஸ்கேன் செய்து தொடங்கிவைத்த பிறகுதான் அதன் 14 நாள் கணக்கு ஓடும். ஆகவே சிலர் முந்தின நாள் மாலையே ஒட்டிவிட்டு மறுநாள் காலை தொடங்குகிறார்கள். கையேட்டில் இல்லாத பழக்கம், ஆனால் பரவலானது. ஜி7-ல் ஒட்டியதுமே கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். பதிலாக, பத்து நாள் முடிந்த பிறகும் 12 மணி நேரம் சலுகை தருகிறது. அந்த நேரத்தில் புதியதை மறு கையில் ஒட்டிவிட்டு, பழையதையே பார்த்துக்கொண்டிருக்கலாம்.

வெயிலும் வியர்வையும் எல்லா சென்சாருக்கும் எதிரி. பெட்டியில் அச்சிட்டிருக்கும் வெப்ப வரம்பு நம் ஊர் மே மாதத்துக்குப் போதாது, கூரியரில் வாங்கினால் கவனம். ஓரம் பெயர்ந்து ஊசி முனை பாதி வெளியே வந்த சென்சாரும் ஏதோ ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டேதான் இருக்கும்.

இத்தனைக்கும் நடுவர் யார்? குளுக்கோமீட்டர். அந்த நடுவரும் சுத்தம் இல்லை என்பதுதான் வேடிக்கை. மீட்டர்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15197 தரம் 100-க்கு மேல் 15 சதவீத விலகலை அனுமதிக்கிறது. உண்மை 200 என்றால் மீட்டர் 230 காட்டலாம், சென்சார் 170 காட்டலாம். இரண்டுக்கும் 60 வித்தியாசம், இரண்டும் பாஸ். இதற்கு மேல் மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தினால் சொல்லவே வேண்டாம். சானிடைசர் போதாது, சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைக்காதீர்கள்.

சென்சார்காரர்களிடையே புழங்கும் 20/20 கணக்கு இங்கே உதவும். சுகர் தாழ்வாக இருக்கும்போது மீட்டரிலிருந்து 20 புள்ளிக்குள், மற்ற நேரம் 20 சதவீதத்துக்குள் இருந்தால் சென்சாரை விட்டுவிடுங்கள். ஓரிரு நாள், படுத்த அம்பில், தொடர்ந்து அதைத் தாண்டினால்தான் கம்பெனிக்குப் போன் செய்ய வேண்டும், மாற்றிக் கேட்கலாம்.

மூன்று மாத எச்பிஏ1சி ரிசல்ட்டோடு சென்சார் கணக்கு ஒத்துப்போகவில்லை என்று குழம்புபவர்களும் உண்டு. சென்சார் சராசரி 154 என்றால் சென்சாரின் கணிப்பும் லேப் எச்பிஏ1சியும் 7-ஐச் சுற்றி வர வேண்டும். இரும்புச்சத்து குறைந்த ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி கூடுதலாக வரும். அப்போது தப்பு சென்சாரில் இல்லை.

யாருக்கு எது? ஒரு நாளைக்கு நாலைந்து முறை இன்சுலின் போடுகிறவருக்கும், டைப் 1 குழந்தை உள்ள வீட்டுக்கும் டெக்ஸ்காம் கிடைத்தால் அதுதான் என் தேர்வு. தப்பைத் திருத்த முடிகிற கருவிக்கு அங்கே கூடுதல் மதிப்பு. மாத்திரையில் மட்டும் இருக்கிறவருக்கு லிப்ரே தாராளமாகப் போதும். அவருக்கு வேண்டியது இட்லிக்கு எவ்வளவு ஏறுகிறது, நடந்தால் எவ்வளவு இறங்குகிறது என்ற வடிவம்தான். 15 புள்ளி தள்ளி இருந்தாலும் வடிவம் மாறாது. அவர் அதை வருடம் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதும் இல்லை, மருந்தோ சாப்பாடோ மாறும்போது ஒன்று போதும். கார்டியனை அதே கம்பெனியின் இன்சுலின் பம்ப் வைத்திருப்பவர்கள் தவிர மற்றவர்கள் தேடிப் போக வேண்டாம். எதை வாங்கினாலும் உடம்பு நடுங்கி வியர்க்கும்போது திரையில் 120 என்று இருந்தால், உடம்பை நம்பி உடனே விரலில் குத்துங்கள். ஸ்ட்ரிப் கைவசம் இல்லையென்றால் முதலில் சர்க்கரையை வாயில் போட்டுக்கொள்ளுங்கள்.