கைபேசியின் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’: சூதாட்டத்தில் போகும் நேரத்துக்குக் கணக்கு வைக்குமா, கட்டுப்போடுமா?

ஆண்ட்ராய்டு கைபேசிகளின் அமைப்புப் பகுதியில் உள்ள ‘டிஜிட்டல் வெல்பீயிங்’, 2018ஆம் ஆண்டு ஆண்ட்ராய்டு 9 பதிப்போடு அறிமுகமானது. எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் போனது என்று நாள்வாரியாகக் காட்டும் இந்த வசதி, பணம் வைத்து ஆடும் பழக்கத்திலிருந்து மீள முயல்பவருக்கும் அவருடைய குடும்பத்துக்கும் எந்த அளவுக்கு உதவும் என்பதை மட்டுமே இங்கே மதிப்பிடுகிறேன். என் தம்பி ரம்மி செயலியில் சிக்கியிருந்த காலத்தில்தான் இதன் பயனும் குறையும் எனக்குத் தெரியவந்தன.

ரம்மி செயலியைத் திறந்ததும் திரை குறுக்குவாட்டில் திரும்பி முழுவதையும் அடைத்துக்கொள்ளும். மேல் மூலையில் இருந்த கடிகாரம் மறைந்துவிடும். ஆடுபவரின் படத்தைச் சுற்றி ஓடும் வளையமோ, சீட்டு இறக்குவதற்கு மிச்சமிருக்கும் விநாடிகளை ஓயாமல் காட்டிக்கொண்டிருக்கும். பாயின்ட்ஸ் ரம்மியில் ஓர் ஆட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். எழுந்துபோக மனம் வருவதற்குள் அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டு போட்டாகிவிடும். இப்படி விநாடிகளையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு மணி என்னவென்று தெரியாமல் போவதில் வியப்பில்லை. “அரை மணி நேரம்தான்க்கா ஆடினேன்” என்று தம்பி சொன்ன ஒரு நாளில், இந்த வசதியின் பட்டியலில் நான்கு மணி நேரத்துக்கு மேல் பதிவாகியிருந்தது. அவன் பொய் சொல்லவில்லை. அந்த எண்ணைப் பார்த்து என்னைவிட அவன்தான் அதிர்ந்துபோனான்.

நேரம் போனது தெரியாமல் இருந்ததை மட்டும் வைத்து ஒருவரை அடிமையாகிவிட்டார் என்று முடிவுகட்டக் கூடாது. கிரிக்கெட் பார்ப்பவருக்கும் அப்படித்தான் போகும். ஆனால் 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய் வகைப்பாடு, சூதாட்டக் கோளாற்றின் முதன்மை அடையாளமாகக் கட்டுப்பாட்டு இழப்பைச் சொல்லும்போது, எவ்வளவு நேரம் ஆடுகிறோம், எப்போது நிறுத்துகிறோம் என்ற இரண்டையும் அதில் சேர்க்கிறது. ஆடியதாக நினைக்கும் நேரமும் உண்மையில் போன நேரமும் திரும்பத் திரும்ப விலகி நிற்க, விட்டதைப் பிடிக்கும் வெறியும் வீட்டாரிடம் மறைக்கும் பழக்கமும் கூடவே தென்பட்டால், அதை அலட்சியம் செய்யக் கூடாது. அந்த விலகலை வாக்குவாதத்துக்கு இடமின்றி எண்ணாக எடுத்துக்காட்டுவதே இந்த வசதியின் பெரிய பலம். இதற்கு மட்டும் நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

கட்டுப்போடுவதில்தான் இது தோற்றுவிடுகிறது. செயலிக்கு ஒரு நாளைய நேர வரம்பு வைத்தால், அது முடிந்ததும் செயலி மூடிக்கொண்டு அதன் சின்னம் மங்கிவிடும். ஆனால் அந்த வரம்பை ஆடுபவரே சில தொடுகைகளில் நீக்கிவிடலாம். பூட்டும் சாவியும் ஒரே கையில் இருக்கின்றன. இதைவிடப் பெரிய குறை, வரம்பு நள்ளிரவில் புதுப்பிக்கப்படுவது. இரவு பதினொன்றரைக்கு மூடிய செயலி, பன்னிரண்டு அடித்ததும் அடுத்த நாளின் ஒதுக்கீட்டோடு திறந்துகொள்ளும். தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் 2025இல் கொண்டுவந்த விதிமுறைகள், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடுவதற்குத் தடை விதித்ததையும், அவ்விதிகள் செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஜூன் மாதம் தீர்ப்பளித்ததையும் இங்கே நினைவுகூர வேண்டும். தடுக்க வேண்டிய நேரம் என்று அரசு கருதிய அதே நேரத்தில்தான் கைபேசியின் வரம்பு தளர்ந்துவிடுகிறது.

2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்யும் மத்தியச் சட்டம் வந்துவிட்ட பிறகு இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். வெளிநாட்டிலிருந்து நடத்தப்படும் பந்தயத் தளங்கள் குரோம் போன்ற உலாவி வழியாகவும் திறக்கும். அந்த நேரம் உலாவியின் பெயரில்தான் ஏறும் என்பதால், பட்டியலில் ரம்மி என்ற பெயரை மட்டும் தேடும் குடும்பத்தினர் ஏமாந்துவிடுவார்கள். உலாவியின் நேரம் திடீரென்று கூடியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

உறங்கும் நேரத்தில் திரையைச் சாம்பல் நிறமாக்கும் வசதியும் இதில் உண்டு. சீட்டாட்டத்துக்கு அது பெரிய தடையாக எனக்குத் தோன்றவில்லை.

ஆடுபவருக்குத் தெரியாமல் இந்தப் பட்டியலை எடுத்துப் பார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சந்தேகம் வளருமே தவிர, பழக்கம் குறையாது. முந்தைய நாள் எவ்வளவு நேரம் ஆடியதாக நினைக்கிறார் என்று முதலில் அவரையே சொல்லவைத்து, பிறகு இருவருமாகத் திறந்து பாருங்கள். நாளடைவில் பழைய விவரம் பட்டியலிலிருந்து போய்விடும் என்பதால், வாரம் ஒருமுறை திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மனநல மருத்துவரைப் பார்க்கும்போதோ, நாள் முழுவதும் இலவசமாக இயங்கும் 14416 என்ற, மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண்ணில் தமிழில் பேசும்போதோ, ‘கொஞ்ச நேரம்தான்’ என்று மழுப்பாமல் நடந்ததை நடந்தபடி சொல்வதற்கு அந்தப் படங்கள் உதவும்.