ஈடிபஸும் பாண்டியன் நெடுஞ்செழியனும்

கிரேக்க நாடகாசிரியர் சோபக்ளிஸின் ஈடிபஸ் மன்னன், சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகளின் பாண்டியன் இருவருமே நீதி வழங்கும் இடத்தில் அமர்ந்து தம்மையே குற்றவாளியாகக் காண்பவர்கள். தீப்ஸ் நகரைக் கொள்ளைநோயிலிருந்து மீட்க முந்தைய மன்னன் லேயஸைக் கொன்றவனை விடாப்பிடியாகத் தேடும் ஈடிபஸ், அக்கொலைஞன் தானே என்றும், இறந்தவர் தன் தந்தை என்றும், மணந்தவள் தாய் என்றும் படிப்படியாக அறிகிறான். பாண்டியனுக்கோ உண்மை ஒரு நொடியில் விளங்குகிறது: உடைந்த சிலம்பிலிருந்து முத்துக்குப் பதில் மாணிக்கப் பரல் தெறிக்கிறது.

துன்பியல் நாயகனை வீழ்த்துவது தீய குணமன்று, பிழையே என்றார் அரிஸ்டாட்டில். ஈடிபஸின் பிழை அறியாமை; பிறக்கும் முன்பே விதிக்கப்பட்டதிலிருந்து தப்பியோடிய வழியே அவனை அதனிடம் சேர்த்தது. பாண்டியனின் பிழை விசாரியாமை. பொற்கொல்லன் சொல்லை நம்பாமல் ஒருமுறை கோவலனை அழைத்துக் கேட்டிருந்தால் போதும். தவிர்த்திருக்கக்கூடியது என்பதாலேயே பாண்டியனின் வீழ்ச்சி என்னை அதிகம் உலுக்குகிறது.

முடிவிலும் இருவரும் பிரிகிறார்கள். ஈடிபஸ் கண்களைக் குத்திக்கொண்டு, இருளில் வாழ்ந்தே தன் தண்டனையை அனுபவிக்கிறான். ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்ற பாண்டியன், தீர்ப்பைத் தானே உரைத்து அரியணையிலேயே உயிர் துறக்கிறான்.