பாலியின் எரிமலைப் பக்கம் இரண்டு நாள்: ராமநாதபுரத்தில் புக் செய்த பேக்கேஜ் எப்படி?

எங்கள் கடற்கரையில் உயரமான இடம் என்றால் ராமேஸ்வரத்துக் கெந்தமாதன பர்வதம்தான். பேர்தான் பர்வதம், ஏறிப் பார்த்தால் மணல் மேடு. மண்டபத்தில் பிறந்து, கண்ணுக்கு எட்டிய தூரம் கடலையும் உடைமரத்தையும் பார்த்தே வளர்ந்த எனக்கு மலை என்றாலே கொஞ்சம் வாய் பிளக்கும். அதனால் நான் கொடுக்கும் ஸ்டாரில் ஒன்றைக் கழித்துக்கொண்டே படியுங்கள்.

ராமநாதபுரத்தில் ஒரு டிராவல்ஸில்தான் புக் செய்தோம். நான், மனைவி, அம்மா. ஐந்து இரவு, திருச்சியில் ஏறி கோலாலம்பூர் மாறி தென்பசார், தலைக்கு 68,000 ரூபாய். அங்கே இறங்கியதும் விசாவுக்கு 5 லட்சம், சுற்றுலா வரி 1.5 லட்சம் என்றதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். ருப்பியாம்மா, நம்ம ரூபாய் இல்லை என்று விளக்க வேண்டியிருந்தது. நம் காசில் இரண்டும் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம்தான், ஆனால் அது பேக்கேஜில் சேராது என்பதை ஏஜென்ட் கடைசி வாரம்தான் சொன்னார். முதல் மூன்று நாள் கடற்கரைப் பக்கம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, கடல் எங்களிடமே இருக்கிறது. இந்த ரிவ்யூ மலைமேல் போன கடைசி இரண்டு நாளுக்கு மட்டும்.

பெரிய குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். "ஏழு கோயில் தரிசனம்" என்று நோட்டீஸில் போட்டு விற்கிறார்கள், நம்ம ஊர்க்காரர்களும் காசி யாத்திரை மாதிரி நினைத்து அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். பாலியில் இருப்பது இந்து மதம்தான், சந்தேகமே இல்லை, தீர்த்தத்தை அவர்களும் தீர்த்தா என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் நம் முறை அங்கே கிடையாது. கோயில் என்றால் மேற்கூரை இல்லாத முற்றங்கள், கும்பிட வராத ஆட்களை உள்முற்றத்துக்குப் பெரும்பாலும் விடமாட்டார்கள், எட்டிப் பார்த்தால் தெரிவது பத்மாசனம் என்கிற வெறும் கல் நாற்காலி, அதில் சிலை இருக்காது. கர்ப்பகிரகம், ஆரத்தி, திருநீறு என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். "ஏம்ப்பா, சாமி எங்கப்பா இருக்கு?" என்று அம்மா மூன்றாவது கோயிலில் கேட்டபோது எனக்கு ஏஜென்ட் மேல்தான் கோபம் வந்தது. இதை முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

முதல் நாள் பெடுகுல் என்கிற மலைப்பகுதி. பிரதான் ஏரிக்குள் கால் வைத்து நிற்பது போல உலுன் தானு கோயில், 1633இல் கட்டியது, பழைய 50,000 ருப்பியா நோட்டில் இருக்கும் படம் இதுதான். பதினோரு அடுக்குக் கூரை, ஒவ்வொன்றும் ஒரு பனை இனத்து மரத்தின் கருநாரில் வேய்ந்தது. பனங்காட்டுப் பக்கத்து ஆள் என்பதால் நான் ஏரியை விட்டுவிட்டு அந்த நாரையே பார்த்துக்கொண்டிருந்தேன், நாம் பனைநாரில் கட்டிலும் பெட்டியும்தான் செய்திருக்கிறோம். அழகான இடம், கூட்டமும் அதிகம், போட்டோ எடுக்க வரிசை வேறு. அரை நாள் போதும்.

இரண்டாம் நாள்தான் விஷயமே. ஒரே நாளில் ஐந்து இடத்தைத் திணித்திருந்தார்கள். திர்தா எம்புல்லில் அம்மா ஒருவழியாகச் சமாதானமானார். 962இல் ஏற்பட்டதாகச் சொல்லும் ஊற்றுக் குளம், வரிசையாகக் குழாய்கள், ஒவ்வொன்றாகத் தலையைக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும், நடுவில் இறந்தவர்களுக்கான சடங்குக் குழாய்களை மட்டும் விட்டுவிட வேண்டும். ராமேஸ்வரத்தில் இருபத்திரண்டு தீர்த்தமும் வாளி வாளியாக ஊற்றிக்கொண்ட மனுஷிக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுக்கத் தேவையே இல்லை, எனக்கு முன்னால் போய்விட்டார். தண்ணீர்தான் பனிக்கட்டி. இடுப்பில் சாரோங் கட்டச் சொல்வார்கள், நம்ம கைலி மாதிரிதான்.

அங்கிருந்து பெங்லிபுரான் கிராமம். கல் பாவிய ஒரே தெரு, வண்டி உள்ளே வரக்கூடாது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வாசல், மூங்கில் கூரை. சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு துண்டு நிலம் இருக்கிறது, இரண்டாவது கல்யாணம் செய்துகொள்பவனை அங்கே போய் இரு என்று தள்ளிவைப்பதற்காம், இப்போது அங்கே யாரும் இல்லை. இதை மனைவி மட்டும் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டார். வாசலில் விற்கும் லோலோ செம்செம் என்கிற பச்சிலைச் சாறைக் குடித்துப் பாருங்கள், புளிப்பும் காரமுமாக நன்றாக இருக்கிறது.

மதியத்துக்கு கிந்தாமணி. பெனெலோக்கான் வளைவில் வண்டி திரும்பியதும் மூன்று பேருமே பேசவில்லை. பெரிய பள்ளம், அதற்குள் 1,717 மீட்டர் பாத்தூர் எரிமலை, அதன் காலடியில் கரிக்கடையைக் கொட்டியது போல லாவா காய்ந்த கறுப்பு, பக்கத்தில் பிறை மாதிரி ஏரி. விளிம்பில் இருக்கும் கோயில் முதலில் இங்கே இல்லையாம், கீழே மலையடியில் இருந்தது, 1917இல் லாவா கோயில் வாசல்வரை வந்து நின்றுவிட்டதாகச் சொல்கிறார்கள், 1926இல் நிற்கவில்லை, ஊரையும் கோயிலையும் மூடிவிட்டது. ஜனங்கள் மேலே ஏறி வந்து மறுபடி கட்டிக்கொண்டார்கள். ஓட்டுநர் இதைச் சொல்லச் சொல்ல நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன், அம்மா "நம்ம தனுஷ்கோடி" என்றார், அவ்வளவுதான். 64 புயலில் தப்பி வந்தவர்களோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர் அவர். பிறகு வெகுநேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். ஏஜென்ட் திட்டத்தில் இந்த இடத்துக்கு நாற்பது நிமிடம், சாப்பாடு உட்பட.

அந்தக் கோயிலின் தெய்வம் தேவி தானு, ஏரித்தாய். ஏரியில் இருந்து வெளியே ஓடும் ஆறு என்று ஒன்றும் இல்லை, கீழே மலைச்சரிவில் ஊறும் ஊற்றுகள் எல்லாம் அவள் கொடுப்பது என்பது நம்பிக்கை. வயலுக்குத் தண்ணீர் பிரிப்பது சுபாக் என்கிற விவசாயிகள் சங்கம், அதற்குத் தலைமை இந்தக் கோயில், 2012இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். யார் எப்போது நடவு போடுவது என்பதைக்கூடக் கூடிப் பேசி முடிவு செய்வதால் பூச்சியும் கட்டுப்படுமாம். எழுபதுகளில் அதை விட்டுவிட்டு அவரவர் இஷ்டத்துக்கு நட ஆரம்பித்தபோது பூச்சி தின்று தீர்த்திருக்கிறது. ஆர்.எஸ். மங்கலத்தில் நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று கண்மாயைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறோம், ஒரு மடையைத் திறக்க எத்தனை தகராறு நடக்கிறது என்பதும் நமக்குத் தெரியும்.

சாப்பாடு: விளிம்பில் இருக்கும் பஃபே ஹோட்டல்களில் காட்சிக்குத்தான் காசு, சோறு சுமார். அங்கே ஏரியில் பிடித்த முஜாயிர் மீனைக் கேட்டு வாங்குங்கள். நம்ம கண்மாயில் கிடக்கும் ஜிலேபி மீனேதான், நகரையும் விளமீனும் தின்னும் நாங்கள் அதைச் சீண்டக்கூட மாட்டோம், ஆனால் மஞ்சளும் இஞ்சியும் மிளகாயும் அரைத்து வற்றவிட்டுக் கொடுத்ததில் முள்ளைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. முண்டு மிளகாய்க் காரத்துக்கு வராது, பரவாயில்லை. சைவம் கேட்பவர்கள் சோறு, டெம்பே என்கிற சோயாக் கட்டி, கீரை என்று சமாளிக்கலாம்.

ஏரிக்கு அக்கரையில் த்ருஞான் என்று ஒரு கிராமம், இறந்தவர்களைப் புதைக்காமல், எரிக்காமல், மூங்கில் கூண்டுக்குள் ஒரு வாசனை மரத்தடியில் வைப்பார்கள். படகுக்கு ஆள் கூப்பிட்டார்கள். யார் வீட்டுத் துக்கத்தையோ டிக்கெட் வாங்கிப் பார்ப்பதா என்று விட்டுவிட்டோம்.

கடைசியாக பெசாகி. ஆகுங் எரிமலைச் சரிவில் பாலியின் பெரிய கோயில், 1963 வெடிப்பில் ஆயிரம் பேருக்கு மேல் இறந்தும் லாவா இதைத் தொடாமல் போனது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழை, இருட்டு, அம்மாவுக்கு முழங்கால் வலி, பாதிப் படியில் திரும்பிவிட்டோம். வழியில் மரநாய்க் காபித் தோட்டம் (மரநாய் தின்று கழித்த கொட்டையில் போடும் காபி) என்று முக்கால் மணி நேரம் உட்கார வைக்காமல் இருந்திருந்தால் வெளிச்சத்திலேயே வந்திருக்கலாம். கூண்டில் அடைத்த பிராணியைப் பார்த்த பிறகு அந்தக் காபி இறங்கவும் இல்லை. ஓட்டுநரைக் குறை சொல்ல மாட்டேன், தங்கமான மனிதர், திட்டத்தில் அப்படி எழுதியிருக்கிறது.

இடத்துக்கு ஐந்துக்கு ஐந்து, பேக்கேஜுக்கு இரண்டு. இதே ஏஜென்ட்டிடம் போவதானால் காபித் தோட்டத்தையும் பெசாகியையும் திட்டத்திலிருந்து அடிக்கச் சொல்லிவிட்டு, கடற்கரையில் ஒரு இரவைக் குறைத்து கிந்தாமணியில் தங்க வையுங்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்வெட்டர் மறக்க வேண்டாம், நம்ம ஊர் மார்கழிக்கு எடுக்கும் துண்டெல்லாம் அங்கே பத்தாது.