அரிட்டாபட்டியா, அழகர்மலையா, சமணர் மலையா: இயற்கை நடைக்கு எது ஏற்றது?

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலையடிவாரம் எங்காவது நடந்துவிட்டு வரலாம் என்று எங்கள் தெருவில் சில குடும்பங்கள் சேர்ந்து முடிவு செய்தோம். நம் மண்ணுக்கே உரிய மரஞ்செடிகளை அவை தாமாக முளைத்து வளரும் இடத்திலேயே பிள்ளைகள் பார்க்க வேண்டும், வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும் என்பவை மட்டுமே எங்கள் நிபந்தனைகள். மதுரையைச் சுற்றியுள்ள கீழக்குயில்குடி சமணர் மலை, அழகர்மலை, மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு, கடைசியில் அரிட்டாபட்டியைத் தேர்ந்தெடுத்தோம்.

தூரம், பேருந்து, நிழல் ஆகியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நகரத்துக்கு மிக அருகில் இருப்பது சமணர் மலை. பேருந்து வசதியும் நிழலும் மிகுந்தது அழகர்மலை. அரிட்டாபட்டிக்குச் சொந்த வண்டி இருந்தால் நல்லது. ஆனால் எங்கள் முடிவைத் தீர்மானித்தது இவற்றில் எதுவும் அன்று. ஒவ்வோர் இடத்திலும் நடைபாதை யாருக்காகப் பராமரிக்கப்படுகிறது என்பதுதான். பாதையைப் பேணுகிறவரின் தேவை எதுவோ, அதற்கேற்றபடிதான் அதன் இருபுறமும் செடிகொடிகள் நிற்கின்றன.

சமணர் மலையில் பாறையில் வெட்டிய படிகள் உள்ளன. செட்டிப்பொடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் உள்ள தீர்த்தங்கரர் சிற்பங்களைக் காண வருபவர்களுக்காகத் தொல்லியல் துறை அந்த வழியைப் பாதுகாக்கிறது. அடிவாரத்து ஆலமரங்களும் தாமரைக்குளமும் கண்ணுக்கு நிறைவு தருபவை. ஆயினும் படியேறத் தொடங்கியபின் பெரும்பாலும் வெறும் பாறைதான் என்பதால், வரலாறு பார்க்கப் போகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை என்பேன். செடி பார்க்கப் போகிறவர்களுக்கு அவ்வாறு சொல்ல மாட்டேன்.

அழகர்மலையில் கள்ளழகர் கோயிலிலிருந்து பழமுதிர்சோலைக்கும், அதற்கு மேலே நூபுரகங்கைக்கும் செல்லும் தார்ச்சாலை பக்தர்களுக்காகவும் வாகனங்களுக்காகவும் பேணப்படுகிறது. காடு அடர்த்தியானது, காற்றும் குளிர்ச்சியானது. ஆனால் நடப்பவர் வண்டிகளுக்கு ஒதுங்கிக்கொண்டே போக வேண்டும்; கையில் பை இருந்தால் குரங்குகள் விடா. சாலையை விட்டு உள்ளே இறங்கினால் அது காப்புக்காடு, வனத்துறையின் அனுமதி வேண்டும். நான் நடந்தது சாலை வழியே மட்டும் என்பதால் உட்காட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. முறையாக அனுமதி பெற்று, விவரம் தெரிந்தவரோடு உள்ளே போகிறவர்களுக்கு அழகர்மலையே சிறந்ததாகத் தோன்றக்கூடும்.

அரிட்டாபட்டியில் நிலைமை வேறு. அங்கே நடப்பதற்கென்று யாரும் தனியாகப் பாதை போடவில்லை. கண்மாய்க் கரைதான் பாதை. குன்றுகளில் விழும் மழை பாறைச் சரிவில் வழிந்து, சுனைகளில் தங்கி, வரத்துக்கால்வாய் வழியே கண்மாய்க்கு வருகிறது. அங்கிருந்து மடை வழியே வயலுக்குப் போகிறது. கரை உடைந்தால் நெல் இல்லை என்பதால் விவசாயிகள் கரையைக் கவனித்துக்கொள்கிறார்கள். மண்ணைப் பிடித்துவைக்கும் பனையை நிற்கவிடுகிறார்கள். நடப்பவருக்கு வழியும், பறவைக்கு இருப்பிடமும், வயலுக்குத் தண்ணீரும் ஒரே வேலையால் காக்கப்படுவதை மற்ற இரண்டு இடங்களிலும் நான் காணவில்லை.

இதனால் சிறிது தூரத்துக்குள்ளேயே வாழிடங்கள் அடுத்தடுத்து மாறுகின்றன. கண்மாயின் உள்வாயில், அதாவது நீர் தேங்கும் உட்பரப்பில், கொக்கும் நாரையும் மேய்கின்றன. கரையில் ஆவாரை பூத்து நிற்கிறது. அதைத் தாண்டினால் முட்புதர்க்காடு. அங்கே பிள்ளைகளை நிறுத்தி நான் காட்டுவது வெப்பாலை. அதன் காய்கள் இரண்டிரண்டாக, நுனியில் ஒட்டிக்கொண்டு, மெல்லிய நீண்ட கம்பிகளைப் போலத் தொங்கும். முற்றி வெடித்த காய்க்குள் ஒவ்வொரு விதையும் பட்டுப்போன்ற மயிர்க்குஞ்சத்தோடு காற்றுக்குக் காத்திருக்கும். பக்கத்திலேயே உசிலை நின்றால் இன்னும் நல்லது, ஏனெனில் தலைக்குத் தேய்க்கும் அரப்பு இந்த இலையை அரைத்து வந்தது என்றவுடன் வீட்டுப் பாட்டிகளின் பேச்சு பிள்ளைகளுக்கு நினைவு வந்துவிடுகிறது. பாறைக்கு ஏறினால், இனப்பெருக்கக் காலத்தில் சிவப்பேறிய ஆண் பாறை ஓணான்கள் தலையை ஆட்டிக்கொண்டு வெயில் காய்கின்றன. இங்குள்ள குன்றுகளில் ஒன்றான கழிஞ்சமலையில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும், சற்றுத் தள்ளி ஒரு சிவன் குடைவரையும் இருப்பதால், வரலாறு வேண்டும் என்பவர்களும் ஏமாறுவதில்லை.

ஏழு குன்றுகளும் எழுபதுக்கு மேற்பட்ட நீர்நிலைகளும் கொண்ட இப்பகுதியில், அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய இரு கிராமங்களைச் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேரை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. இரண்டே ஆண்டுகளில் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் இந்த வட்டாரமும் சிக்கியது. மேலூர்ப் பகுதிக் கிராமங்கள் ஒன்றாக எழுந்து நின்றதால் 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அறிவிப்பு மட்டும் இந்தக் குன்றுகளைக் காப்பாற்றவில்லை, கண்மாயை நம்பி வாழ்கிறவர்கள் காப்பாற்றினார்கள் என்றே நான் கருதுகிறேன். பராமரிப்பைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுவதும் அதனால்தான்.

குறைகளும் உண்டு. மலையேறும் வழியில் நிழல் மிகக் குறைவு. கழிப்பறை, கடை என்று நம்பிப் போகக் கூடாது. தண்ணீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும். சீமைக்கருவேல் இங்கேயும் புகுந்திருக்கிறது. வறண்ட உள்வாயில் அது பரவினால் பிறகு நாட்டுக் கருவேலுக்கும் நாணலுக்கும் இடமிருக்காது. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் உடன் வருவதானால் அழகர்மலைச் சாலையே வசதி, அதை மறுக்க மாட்டேன்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு சுனைகள் நிறைந்து, கண்மாயும் பெருகியிருக்கும்போது போவதே சிறப்பு. ஆனால் மார்கழி தொடங்கிப் பங்குனி வரை வல்லூறுகளும் கழுகுகளும் கூடுகட்டிக் குஞ்சு வளர்க்கும் காலம். ஷாஹீன் வல்லூறு, லகர் வல்லூறு, போனெல்லி கழுகு ஆகிய மூன்றுமே இங்கே பதிவாகியுள்ளன. அவற்றில் ஷாஹீன் செங்குத்தான பாறை விளிம்புகளையே நாடும். அந்த மாதங்களில் நாங்கள் பாறை முகட்டுக்கு ஏறுவதில்லை. கண்மாய்க் கரையோடு நடந்து, மிகுதி நீர் வெளியேறும் கலுங்கு வரை போய்த் திரும்பிவிடுகிறோம்.