சின்னக் கைக்கு 12 அவுன்ஸ் கையுறை: வாங்கலாமா?

விளையாட்டுச் சாமான் கடையில் குத்துச்சண்டைக் கையுறை கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவது ஒன்றுதான்: 12 அவுன்ஸ், மேலே ரெக்சின், மணிக்கட்டில் வெல்குரோ பட்டி, உள்ளே ‘மேட் இன் பாகிஸ்தான்’ என்ற துணிச் சீட்டு. சியால்கோட்டில் தைத்து வரும் மலிவு ரகம். திருகோணமலையில் 48, 51 கிலோ பிரிவுகளுக்குப் பயிலும் பெண்பிள்ளைகளுக்கு இது சரிவருமா என்று பார்ப்போம். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பேக்கில், அதாவது தொங்கும் குத்துப்பையில், அடிக்க முதல் வருடத்துக்குப் போதும். ஆளோடு ஆள் மோதிப் பழகும் ஸ்பாரிங்குக்கு வேண்டாம். போட்டிக்கென்று வாங்கவே தேவையில்லை, பெரிய போட்டிகளில் கையுறையை ஏற்பாட்டாளர்களே தருவார்கள்.

அவுன்ஸ் என்பது ஒரு கையுறையின் நிறை. கையின் அளவைப் பற்றி அது எதையும் சொல்லாது. இதைக் குழப்பிக்கொண்டு ‘பிள்ளை சின்னவள், 8 அவுன்ஸ் தாங்கோ’ என்று கேட்பவர்கள் நிறையப் பேர். 8 அவுன்ஸ் என்பது தொழில்முறைச் சண்டையில் இலகு எடைக்காரர்கள் போடுவது. பஞ்சு குறைவு, பயிற்சிக்கு ஆகாது. பேக்குக்கு 12, ஸ்பாரிங்குக்கு 14 என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 அவுன்ஸ் என்றால் ஒற்றைக் கையுறை 340 கிராம் இருக்க வேண்டும். பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். 300 கிராமுக்குக் கீழே நின்றால் பஞ்சில் கை வைத்திருக்கிறார்கள். வலதுக்கும் இடதுக்கும் 20 கிராம் வித்தியாசம் காட்டினால் வேறு சோடி கேளுங்கள்.

இந்த ரகத்தின் பெரிய குறை உள்ளறை. ஆண் கைக்கு வெட்டிய அச்சிலேயே தைப்பதால், உள்ளங்கைச் சுற்றளவு 17 சென்ரிமீற்றர் உள்ள ஒரு பிள்ளையின் கை உள்ளே ஆடும். வெறுங்கையோடு போட்டுப் பார்த்தால் இது சரியாகத் தெரியாது. கைக்கட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு போட வேண்டும். விரல் நுனி மேல் விளிம்பை லேசாகத் தொட வேண்டும். முட்டியை மடக்கியபின் இன்னொருவர் கையுறையைப் பிடித்து இடமும் வலமும் திருப்பட்டும். கையுறை திரும்பி, உள்ளே கை அப்படியே நின்றால் வாங்காதீர்கள். ஆடுகிற கை நேராக அடித்தாலும் சரிந்துதான் விழும். ஆள்காட்டி விரல், நடுவிரல் மொளிகளில் விழ வேண்டிய அடி மோதிர விரலுக்கும் சின்ன விரலுக்கும் போய், சின்ன விரலின் கீழுள்ள உள்ளங்கை எலும்பு முறியும். குத்துச்சண்டையில் அடிக்கடி காணும் முறிவு இது.

சின்னக் கைக்கென்று வெட்டிய கையுறை கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் அதையே எடுங்கள். கூரியரில் வாங்குவதென்றால் மொளிக்கு மேலால், பெருவிரலை விட்டு, நாடாவால் அளந்து அந்த அளவைச் சொல்லுங்கள்.

பெருவிரல் சேரும் இடத்தைக் கிட்டவைத்துப் பாருங்கள். பெருவிரலையும் கையுறை உடலையும் இணைக்கும் சின்னப் பட்டியில் இரட்டைத் தையல் இருக்க வேண்டும், தையலின் இரு நுனியும் திருப்பி அடித்துப் பூட்டியிருக்க வேண்டும். ஒற்றைத் தையலில் நூல் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த இடம்தான் முதலில் பிரியும். பட்டி பிரிந்தால் பெருவிரல் தனியே நிற்கும், பக்கவாட்டில் வளைத்து ஹூக் அடிக்கும்போது பின்னால் மடங்கும்.

கைக்கு நாங்கள் இவ்வளவு கவலைப்படக் காரணம் இருக்கிறது. இலகு எடைப் பெண்கள் சண்டையில் ஒரே அடியில் ஆளை வீழ்த்துவது குறைவு. புள்ளியில் வெல்ல வேண்டும், அதற்கு ஓயாமல் அடிக்க வேண்டும். 105 இறாத்தல், அதாவது 47.6 கிலோ பிரிவில் 2024 மார்ச்சில் எல்லாப் பட்டங்களையும் ஒன்றாகச் சேர்த்த அமெரிக்கப் பெண் செனீசா எஸ்ட்ராடாவைப் பாருங்கள். 2011இல் தொழில்முறைக்கு வந்து, 2024 ஒக்டோபரில் தோல்வியே இல்லாமல் ஓய்வுபெற்றார். 26 வெற்றி, அதில் நொக்அவுட் 9 மட்டும். மிச்சம் 17உம் நடுவர் புள்ளியில் வந்தவை. பெண்களின் பட்டச் சண்டை வழமையாக 2 நிமிடச் சுற்றாக 10 சுற்று. கை நோகத் தொடங்கினால் அடியின் எண்ணிக்கை தானாகவே குறைந்துவிடும். எங்கள் இலங்கைக்கும் 2018இல் அவுஸ்திரேலியாவின் கோல்ட்கோஸ்டில் நடந்த பொதுநலவாய விளையாட்டில் 48 கிலோ பிரிவில் அனுஷா கொடித்துவக்கு வெண்கலம் எடுத்துத் தந்தார். அரையிறுதியில் அவரை வென்றது இந்தியாவின் மேரி கோம். இந்தப் பிரிவில் இலங்கைப் பெண்ணுக்கு வழி இருக்கிறது என்பதை எந்தப் பிள்ளைக்கும் தாராளமாகச் சொல்லலாம்.

கையுறையில் மிச்சம் பிடித்தாலும் கைக்கட்டுத் துணியில் பிடிக்காதீர்கள். 4.5 மீற்றர் நீளம், லேசாக இழுபடும் துணி நல்லது. உள்ளறை பெரிதான இந்தக் கையுறைக்கு அந்த நீளமே கொஞ்சம் இடத்தை அடைக்கும். இறுக்கமான சின்ன அளவுக் கையுறை என்றால் 3.5 மீற்றர் போதும். பெருவிரலில் வளையத்தை மாட்டி, புறங்கை வழியாக எடுத்து மணிக்கட்டில் 3 சுற்று, மொளியில் 3 சுற்று. பிறகு மணிக்கட்டிலிருந்து ஒவ்வொரு விரல் இடுக்காலும் ஒரு தரம், பெருவிரலுக்கு ஒரு சுற்று, திரும்ப மொளிக்கு 2, மிஞ்சியதை மணிக்கட்டில் முடியுங்கள். சுற்றும்போது விரல்களை அகல விரித்து வைத்திருக்க வேண்டும். சேர்த்து வைத்துச் சுற்றினால் முட்டி மடக்கியதும் இறுகி, பயிற்சியின் இரண்டாம் சுற்றிலேயே விரல் விறைக்கும்.

இனி எங்கள் ஊர்ப் பிரச்சினை. உப்புவெளிப் பக்கமோ டச்பே பக்கமோ வீடு என்றால் வியர்வையோடு உப்புக்காற்றும் சேரும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மாரியில் ஈரக் கையுறையைப் பையில் மூடிவைத்தால் சில நாளில் உள்ளே பூஞ்சணம் பிடித்துவிடும். அந்த மணம் பிறகு எதற்கும் போகாது. பயிற்சி முடிந்ததும் உட்புறத்தைத் துவாயால் ஒற்றி, பழைய பேப்பரைச் சுருட்டித் திணித்து, ஒரு மணித்தியாலத்தில் பேப்பரை மாற்றி, வாயைத் திறந்தபடி ஃபான் காற்றில் வையுங்கள். ஆனி, ஆடியில் கச்சான் வீசும்போது நிழலில் தொங்கவிட்டாலே காய்ந்துவிடும். வெயிலில் மட்டும் வேண்டாம், ரெக்சின் வெடிக்கும், உள்ளே ஃபோம் விறைக்கும். கடற்கரையில் ஓடிவிட்டு அங்கேயே மணலில் கையுறையைப் போடும் பழக்கத்தையும் விடுங்கள். மணல் வெல்குரோவில் ஏறினால் பிடி விடும், உள்துணியில் ஏறினால் மொளித் தோலை உரித்துவிடும். பழைய பல்துலக்கும் பிரஷால் வெல்குரோவைச் சீவினால் மணலும் தலைமயிரும் வந்துவிடும். கைக்கட்டுத் துணியை ஒவ்வொரு நாளும் துவைக்க வேண்டும், இரண்டு சோடி இருந்தால் மாரியிலும் சமாளிக்கலாம்.

தலைக்கவசம் தொழில்முறையில் கிடையாது. தொழில்முறை அல்லாத அமெச்சூரில் வளர்ந்த ஆண்களுக்கு 2013இல் எடுத்துவிட்டார்கள், பெண்கள் இன்னும் போடுகிறார்கள். வாங்கும்போது முடியைக் கட்டியபடிதான் போட்டுப் பார்க்க வேண்டும். உச்சியில் கொண்டை போட்டால் கவசம் முன்னால் சரிந்து கண்ணை மறைக்கும். பள்ளிக்கூட இரட்டைப் பின்னலை இறுக்கி, பிடரியோடு கீழே கட்டினால் அசையாது.

கையுறையோடு சேர்த்து ‘எடை குறைக்கும் உடுப்பு’ என்று பிளாஸ்டிக் உடுப்பொன்றும் விற்பார்கள். வாங்காதீர்கள். அதில் இறங்குவது தண்ணீர் எடை. அமெச்சூரில் சண்டை நாளன்று காலையிலேயே நிறுப்பதால் இழந்த தண்ணீரைத் திரும்பப் பிடிக்க நேரம் போதாது. எங்கள் ஊர் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு ஓடினால் ஆபத்து உயிருக்கே.

கிழமைக்கு 4 நாள் அடிக்கும் பிள்ளைக்கு இந்த ரகம் 8 மாதம், மிஞ்சினால் ஒரு வருடம். மொளிப் பக்கத்தைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் உடனே எழும்பாமல் நின்றாலோ, பேக்கின் தையல் மொளியில் உறைத்தாலோ, வெளியே ரெக்சின் எவ்வளவு பளபளத்தாலும் அந்தச் சோடியை மாற்றிவிடுங்கள்.