போர்வெல்லுக்குள் என்ன நடக்கிறது? கம்ப்ரசர் கேஜும் ஆம்பியர் மீட்டரும் வைத்துப் பார்த்துவரும் அனுபவம்

போர்வெல் போடுகிற அன்று ரிக் லாரிக்காரர் "ரெண்டு இஞ்சு தண்ணிங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதோடு சரி, அதற்கப்புறம் அந்த ஆறரை இஞ்சு ஓட்டைக்குள் என்ன நடக்கிறது என்று பெரும்பாலான தோட்டங்களில் யாருக்கும் தெரிவதில்லை. தண்ணீர் குறைந்தால் ரெண்டு பைப் சேர்த்து இறக்கு, அப்புறமும் குறைந்தால் இன்னும் ஆழமாக ஓட்டு, அதுவும் போனால் பக்கத்திலேயே புதுசாகப் போடு என்று பணம் மண்ணுக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. மேலே ஓடுகிற மெஷினே உள்நிலவரத்தைச் சொல்லிவிடும், நாம் அதைப் பார்த்து எழுதி வைத்தால் போதும். பல வருஷமாக இதைச் செய்துவருகிறேன், அந்த அனுபவம்தான் இது.

பல்லடம் பக்கம் எங்கள் தோட்டம், தென்னையும் கொஞ்சம் சின்ன வெங்காயமும். இரண்டு போர். பழையது கம்ப்ரசரில் ஓடுகிறது, 600 அடி போர், ஏர் பைப்பின் முனை 400 அடியில் நிற்கிறது. இன்னொன்றில் 5 எச்பி நீர்மூழ்கி மோட்டார். கம்ப்ரசர் மின்சாரத்தை அதிகமாகத் தின்னும், சத்தமும் அதிகம், உண்மைதான். ஆனால் உள்நிலவரத்தைச் சொல்வதில் அதற்கு ஈடு இல்லை.

காரணம் எளிது. மெஷின் நிற்கும்போது ஏர் பைப்புக்குள்ளும் போரில் இருக்கிற அதே மட்டத்துக்குத் தண்ணீர் ஏறி நிற்கும். கம்ப்ரசரைப் போட்டதும் காற்று அந்தத் தண்ணீரைக் கீழே தள்ள வேண்டும், முனை வரைக்கும் தள்ளி முடித்த பிறகுதான் காற்று வெளியே வந்து தண்ணீரைத் தூக்கும். அந்த நொடியில் கேஜ் காட்டுகிற உச்சம்தான் முனைக்கு மேலே எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதன் கணக்கு. கேஜில் ஒரு கிலோ பிரஷர் (kg/cm²) என்றால் 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர், அதாவது ஏறத்தாழ 33 அடி. பவுண்டில் (psi) பார்க்கிறவர்களுக்கு ஒரு பவுண்டுக்கு 2.3 அடி. நல்ல மழைக்கு அப்புறம் எங்கள் போரில் முள் 7 கிலோவுக்குப் போகும், 230 அடி தண்ணீர், 400-ல் கழித்தால் 170 அடியில் மட்டம் நிற்கிறது. கயிறு விட்டுப் பார்க்க வேண்டாம், அதைப் பைப்புகளுக்கு நடுவே சிக்கவிட்டு அவஸ்தைப்படவும் வேண்டாம்.

இதுவரைக்கும் மெக்கானிக்குகள் நிறையப் பேருக்குத் தெரியும். ஆனால் அவர்களும் இந்த முதல் எண்ணோடு நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆதங்கம். "230 அடி நிக்குதுங்க, பயமே இல்லை" என்பார்கள். ஆறரை இஞ்சு போரில் ஒரு அடி உயரத்துக்கு ஆறரை லிட்டர்தான் பிடிக்கும், 230 அடிக்கு 1,500 லிட்டர், அவ்வளவுதான். நிமிஷத்துக்கு 60 லிட்டர் எடுக்கிற ஒரு பம்புக்கு, பாறை வெடிப்பிலிருந்து ஊற்று வராவிட்டால், அது அரை மணி நேரத்துக்குக்கூடக் காணாது. எங்கள் பக்கம் முழுக்கக் கெட்டிப் பாறை, தண்ணீர் வெடிப்பு வழியாகத்தான் வரும், அதனால் நிற்கிற தண்ணீரை வைத்துப் போரை எடைபோடவே கூடாது.

பார்க்க வேண்டியது ஓட்டத்துப் பிரஷர். தண்ணீர் வர ஆரம்பித்ததும் முள் மெல்ல இறங்கி ஓர் இடத்தில் நிற்கும். அந்த இடத்தில் ஊற்று கொடுக்கிறதும் நாம் எடுக்கிறதும் சமமாகிவிட்டது என்று அர்த்தம். எங்களுக்கு நல்ல காலத்தில் நாலரை கிலோவில் நிற்கும், அதாவது மட்டம் 250 அடிக்கு வந்து அங்கேயே தங்குகிறது. காற்று பைப்பில் உரசுவதால் கேஜ் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், ஆனால் ஒரே மெஷின், ஒரே பைப் என்பதால் மாதத்துக்கு மாதம் ஒப்பிட அது தடையில்லை. முள் நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால் ஊற்று பத்தவில்லை. இறங்கி இறங்கி, தண்ணீர் விட்டு விட்டுத் துப்ப ஆரம்பித்தால் முனைக்கு மேலே போதுமான தண்ணீர் இல்லை, அப்போது நிறுத்திவிட வேண்டும். நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து மறுபடி போட்டு முதல் உச்சம் எவ்வளவு என்று பார்த்தால், அந்த ஒரு மணி நேரத்தில் ஊற்று எவ்வளவு சேர்த்தது என்பதும் தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் இந்த மூன்றாவது எண்தான் எல்லாவற்றிலும் பெரிது.

2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது நினைவிருக்கும். 2017 கோடையில் எங்கள் முதல் பிரஷர் மூன்றரைக்கு வந்துவிட்டது, ஓட்டத்தில் 2 கிலோ. அக்கம்பக்கம் எல்லாரும் ரிக் லாரிக்காகக் காத்திருந்த நேரம். எங்கள் மெக்கானிக்கும் "இன்னும் முந்நூறு அடி ஓட்டிறலாங்க" என்றார். நோட்டை எடுத்துக் காட்டினேன். மட்டம் இறங்கியிருந்தாலும் ஒரு மணி நேரத்து ஏற்றம் ஓரளவுக்கு அப்படியேதான் இருந்தது, ஊற்று சாகவில்லை. அதனால் பைப்பை மட்டும் இறக்கி, ஓட்டுகிற நேரத்தைக் காலை மாலை என்று பிரித்துக்கொண்டோம், தென்னை தப்பியது. ஊற்றே அடங்கிப்போயிருந்தால் நானும் ரிக்கைத்தான் கூப்பிட்டிருப்பேன்.

நோட்டில் எழுத எழுத வேறு சில விஷயங்களும் பிடிபட்டன. பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் எங்கள் மண்டலத்துக்குத் தண்ணீர் விட்டால் சில நாளிலேயே ஓட்டத்துப் பிரஷர் ஏறுகிறது, மழையே இல்லாவிட்டாலும். பக்கத்துத் தோட்டத்து மாமா புதுப் போர் போட்ட பிறகு, அவர் மோட்டார் ஓடும் நேரத்தில் எங்கள் முள் அரைக் கிலோ இறங்கியது. இரண்டு போரும் ஒரே வெடிப்பில் உட்கார்ந்திருக்கின்றன போலிருக்கிறது. அவரிடமும் நோட்டைக் காட்டிப் பேசினேன், இப்போது முறை வைத்து ஓட்டுகிறோம். எண் கையில் இருந்ததால் அந்தப் பேச்சு சண்டையாகவில்லை.

கேஜ் தப்பாகக் காட்டுகிற சந்தர்ப்பங்களையும் சொல்ல வேண்டும். தண்ணீர் மட்டம் பொதுவாகப் படிப்படியாகத்தான் இறங்கும். ஒரே ராத்திரியில் முதல் பிரஷர் ஒரு கிலோ, ரெண்டு கிலோ என்று விழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஏர் பைப்பில் ஓட்டை. மழையும் இல்லை, வாய்க்கால் தண்ணீரும் இல்லை, ஆனால் பிரஷர் ஏறுகிறது, வருகிற தண்ணீரோ குறைகிறது என்றால் முனையில் மண் அடைத்திருக்கிறது. கேஜும் அதிர்ச்சியில் சீக்கிரம் கெடும், அதனால் கிளிசரின் ஊற்றியதாக வாங்கி, அதற்கு முன்னால் ஒரு சின்ன வால்வு போட்டு, பார்க்கும்போது மட்டும் திறப்பது நல்லது. கம்ப்ரசரின் காற்று டேங்க் மேலே இருக்கிற கேஜை நம்ப வேண்டாம், போருக்குப் போகிற லைனில் இருப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நீர்மூழ்கி மோட்டாரில் இவ்வளவு நேரடியாகத் தெரியாது. அங்கே பேனல் போர்டின் ஆம்பியர் மீட்டர்தான் கண். எங்கள் மோட்டார் வழக்கமாக 8 ஆம்பியரில் ஓடும். மட்டம் இறங்க இறங்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், காற்றை இழுக்க ஆரம்பித்தால் முள் ஆடி அடியோடு விழும். மணல் சிக்கினால் ஏறும். ஆனால் வோல்டேஜ் குறைந்தாலும் ஆம்பியர் ஏறும், ஆகவே வோல்டேஜையும் பக்கத்திலேயே எழுதாத ஆம்பியர் கணக்கால் பிரயோஜனம் இல்லை. மூன்று பேஸிலும் தனித்தனியாகப் பார்ப்பது இன்னும் நல்லது.

இந்த மோட்டாரின் தண்ணீர் வெளியே வரும் டெலிவரி பைப்பில் ஒரு பிரஷர் கேஜும் கேட் வால்வும் போட்டிருக்கிறேன். மோட்டார் போட்டுத் தண்ணீர் மேலே வந்த உடனே வால்வைச் சில நொடிகள் முழுக்க மூடிப் பிரஷரைப் பார்ப்பேன். போன தடவையைவிட ஒரு கிலோ குறைந்தால் மட்டம் 33 அடி இறங்கியிருக்கிறது, இல்லாவிட்டால் பம்பு தேய்ந்திருக்கிறது அல்லது பைப்பில் கசிவு. எது என்று பிரிக்க, மழைக்காலம் முடிந்ததும் கேசிங் (போரின் வாயில் இறக்கியிருக்கும் குழாய்) வழியாகக் கயிறு விட்டு உண்மையான மட்டத்தை ஒருமுறை அளந்து சரிபார்த்துக்கொள்கிறேன். எங்களுடையது ஜி.ஐ. (இரும்பு) பைப் என்பதால் தைரியமாக மூடுகிறேன். ஹோஸ் பைப்போ பழைய பிவிசியோ போட்டிருப்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம், ஜாயின்ட் விட்டுக்கொண்டு மோட்டாரே உள்ளே போய்விடும்.

மொபைல் ஸ்டார்ட்டரும் மாட்டியாயிற்று. தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்திவிட்டு போனுக்குத் தகவல் அனுப்புகிறது, மோட்டாரைக் காப்பாற்ற அது கட்டாயம் வேண்டும். ஆனால் அது சொல்வது தண்ணீர் தீர்ந்த பிறகு. அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான், போட்டதிலிருந்து நிற்கிற வரைக்கும் எத்தனை நிமிஷம் ஓடியது என்பதை எழுதி வைக்கிறேன். கோடையில் அந்த நிமிஷம் வாரத்துக்கு வாரம் சுருங்க ஆரம்பித்தால் அடுத்த நடவை ஒத்திப்போடுவேன்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் கேஜ் வாங்குவதற்கு முன்னால் ஏர் பைப் முனை எத்தனை அடியில் இருக்கிறது என்று பைப் இறக்கியவரிடம் கேட்டு ஷெட் சுவரில் பெயின்ட்டால் எழுதிவிடுங்கள், அது தெரியாவிட்டால் மட்டம் எத்தனை அடியில் நிற்கிறது என்று சொல்லவே முடியாது. அப்புறம் ராத்திரி முழுக்க நின்ற போரில், காலையில் முதல் தடவை போடும்போது எடுத்த எண்ணை மட்டும் முதல் பிரஷராக எழுதுங்கள்.